பவளமும் பாசியும்: ‘ஓருயிர்’ என்னும் கருத்து குறித்த ஓர் அறவியல் நோக்கு

கொல்லாமை என்னும் அறம், கொல்லப்படுவது ஓர் உயிர், கொல்பவர் ஒருவர் என்னும் இரு முற்கோள்களின்மேல் நிற்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் இவ்விரண்டனையும் ஐயுறச் செய்கின்றன.

பாறை கட்டும் பவள உயிரி ஒரு விலங்கு. அதன் செல்களுக்குள்ளேயே ஒருசெல் பாசி வாழ்கிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்தைச் சேர்கிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் பாசியினுடையதே. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவின்பாலும், நத்தை முதலியவற்றை ஈரறிவின்பாலும் வைக்கும். ஒன்றனுள் ஒன்றாய் வாழும் இவ்விரண்டை எவ்வகையில் அடக்குவது? இது பவளத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1977இல் கலாபகோஸ் தீவுகளை அடுத்த ஆழ்கடலில் கண்டறியப்பட்ட பெருங்குழாய்ப் புழுவுக்கு முதிர்நிலையில் வாயும் இல்லை, குடலும் இல்லை; உள்ளுறையும் பாக்டீரியாக்களே அதற்கு உணவாக்குகின்றன.

கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஏறத்தாழ 1 பாகை செல்சியசு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால் பவளத்தின் இவ்வுறவு முறிகிறது. பழுதுற்ற பாசியைப் பவளமே வெளியேற்றி வெளுத்துப் போகிறது. வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று என்பது நோக்கத்தக்கது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் பெருகும். தணியாவிடின் பவளம் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது.

தில்லியில் இயற்றப்பெற்ற 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டும் தொழில் நெடுங்காலம் நிகழ்ந்த கரைக்கு அது வேண்டிய சட்டமே. ஆயினும், கல் ஒன்றை உடைத்தெடுக்கும் கரையோர ஏழை சிறைக்கு உரியவராக, பாசியையும் பவளத்தையும் பிரிக்கும் வெப்பத்திற்கு எவர்மீதும் வழக்கில்லை. தில்லியின் கோடையில் குளிரூட்டிய அறையிலிருந்து இதனை எழுதுபவனும் அவ்வெப்பத்தில் பங்குடையவன். அறையைக் குளிர்விக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. கல்லுடைத்தல் கொலையெனின் இதற்குப் பெயர் யாது?

பங்கு மிகச் சிறிது, ஆதலின் பொறுப்பில்லை என்பாரும் உளர். அவர் கூற்றை ஏற்பதற்கில்லை. ஒரு பவள உயிரி சுரக்கும் சுண்ணமும் மிகச் சிறிதே. 21 தீவுகளைச் சூழ்ந்து அலையைத் தடுக்கும் பாறைகள் அதனால் எழுந்தவையே. தூத்துக்குடிப் பகுதியில் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்க்கும் பணியும் நடைபெற்றுள்ளது. நட்ட துண்டினுள்ளும் பாசி தங்கவேண்டும். அதற்குக் கடல் சூடேறாதிருக்க வேண்டும்.