இரை என்று பெயரிடுதல்

அயிரை விட்டு வரால் இழுப்பது என்று நம் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. சிறியதைச் செலவழித்துப் பெரியதை அடையும் சாமர்த்தியத்தைச் சொல்வது. அயிரையின் பக்கத்திலிருந்து இதை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அயிரைக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்பதல்ல என் வாதம். பரிதாபம் சுலபமான காரியம், அதில் சிந்தனைக்கு வேலை குறைவு. என் கேள்வி வேறு. ஓர் உயிர் இன்னோர் உயிருக்கு இரையாக வேண்டும் என்பதற்காகவே அதை ஓரிடத்தில் கொண்டுபோய் விடுகிறவன் செய்யும் செயலுக்கு என்ன பெயர்? அவன் கொல்லவில்லை. வளர்க்கிறான் என்றும் சொல்ல முடியாது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஒருவர் வருவார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டமும், போடிநாயக்கனூர் அடிவாரத்தில் தென்னந்தோப்பும் உள்ளவர். தோப்பில் பண்ணைக்குட்டை வெட்டி விரால் விட்டிருக்கிறார். விராலுக்கு இரை சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகுடி ஆற்றையொட்டிய வாய்க்காலுக்கு அவரோடு போயிருந்தேன். இரண்டு பையன்கள் கொசுவலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுக்க, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டு பிளாஸ்டிக் குடத்தில் விழுந்தன. நானும் தூண்டிலில் மண்புழு கோத்து விரல் நீளத்தில் ஏழெட்டுப் பிடித்தேன். "முள்ளப் பாத்துக் கழத்துங்க தம்பி, வாய் கிழிஞ்சிரப்படாது. உசிரோட வேணும். செத்தத வெரால் சீந்தாது" என்றார். ஒரு மீனை அவ்வளவு கவனமாக நான் கையாண்டதில்லை. அந்தக் கவனம் மீனுக்காக அல்ல என்பதுதான் விஷயம்.

மீனை வைத்துத் தர்க்கம் பண்ணுவது பழைய வழக்கம். தண்டம் செலுத்த ஆளில்லாவிட்டால் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலை வந்துவிடும் என்கிறது அர்த்தசாஸ்திரம். மத்ஸ்ய நியாயத்தைத் தடுக்கத்தான் அரசன். 1670இல் ஸ்பினோஸா அதே மீன்களை எடுத்துக்கொண்டு, பெரியது சிறியதை உண்பது இயற்கை தந்த உரிமை, பலம் எவ்வளவோ உரிமையும் அவ்வளவு என்கிறார். முடிவுகள் வேறானாலும் இருவர் கண்ணிலும் இருப்பது மனிதன் கை வைக்காத நீர். அங்கே சிறிய மீன் இரை அல்ல. அது ஒரு மீன். அகப்பட்டால் இரையாகும், அவ்வளவே. குட்டையில் விடப்பட்ட குஞ்சோ குடத்தில் இருக்கும்போதே இரை. அரசன் எதைத் தடுப்பதற்காக வந்தானோ அதைத் தடையின்றி நடத்திவைப்பதற்காகக் குட்டைக்காரர் வருகிறார்.

இதற்குக் கணக்கும் உண்டு. அமெரிக்காவில் அலபாமாவின் ஆபர்னில் ஸ்விங்கிள் என்ற மீனியலாளர் பண்ணைக் குளங்களைப் பல வருஷம் ஆராய்ந்தார். பாஸ் என்னும் வேட்டைமீன், அதற்கு இரையாகப் ப்ளூகில் என்னும் கையகலச் சிறுமீன். இரைமீன்களின் மொத்த எடையை வேட்டைமீன்களின் மொத்த எடையால் வகுத்தால் 3 முதல் 6 வரை வருவது நல்ல சமநிலை என்று 1950இல் எழுதினார். கணக்கில் தவறில்லை. நாள் முழுவதும் பற்றையும் வரவையும் நேர்செய்கிற எனக்குச் சமநிலை என்ற சொல்லின் வசீகரம் தெரியும். பேரேடு நேராகிவிட்டால், அதற்குள் இருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை.

இரை என்று பெயரிடப்பட்டது அந்தப் பெயருக்கு அடங்குவதும் இல்லை. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். மலிவான உணவாகும் என்று 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அளவின்றிப் பெருகிப் பிற மீன்களை நெருக்கியதால் 1959இல் இதைப் பரப்புவதற்குத் தடை போட வேண்டிவந்தது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். விராலும் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை விட்டகலாமல் காவல் நிற்கும். இரண்டும் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவைதான். எது இரை, எது செல்வம் என்பது சந்தை விலையில் இருக்கிறது, மீனில் இல்லை.

குட்டையின் ஓரமாகக் கோரை வளர்ந்திருந்தது. அறுக்கப்போவதாகச் சொன்னார். "இருக்கட்டுமே அண்ணே" என்றேன். "கோரைய விட்டா கெண்டை ஒளிஞ்சு பெருகிரும். வெரால் தேறாது" என்றார். வாஸ்தவம். ஒளிவிடம் கூடினால் வேட்டைமீன் மெலியும், சிறுமீன் பெருகும் என்றுதான் ஆபர்ன் வழிவந்தவர்களும் சொல்வார்கள்.

ஆனால் தார்மீகக் கேள்வி அந்தக் கோரையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆற்றில் விரால் உண்டு, கல்லிடுக்கும் உண்டு. அந்த இடுக்கு இருக்கும்வரைதான் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்க முடியும். ஒளிய இடமில்லாமல் செய்துவிட்டு "இயற்கை இது" என்பது பொய்ச்சாட்சி. வள்ளுவர் புலால் மறுத்தலில், தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை என்று இருவரையும் ஒரே சங்கிலியில் கட்டினார். இங்கே தின்பதும் கொல்வதும் விரால். அதற்குப் பாவம் தெரியாது. சங்கிலியில் பாவம் தெரிந்த ஒரே கண்ணி, குடத்தைக் கவிழ்த்தவன். பொறுப்பு கொலையிலிருந்து வருவதல்ல, ஏற்பாட்டிலிருந்து வருவது.

அதிகாலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களைப் பார்க்கிறவருக்கு அந்தக் குடம் ஞாபகம் வரலாம். நல்ல உவமை என்றும் படலாம். அதை நான் ஏற்கவில்லை. அவர்கள் கூலி பேசத் தெரிந்தவர்கள், வேண்டாம் என்று இறங்கிக்கொள்ளவும் தெரிந்தவர்கள். அவர்களைச் சிறுமீன் என்பது, இரக்கத்தோடு சொன்னாலும், குடத்தில் போடும் வேலைதான்.

எழுதுகிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. ஒரு கருத்து கொழுக்க வேண்டும் என்று ஓர் ஏழையையோ விதவையையோ கதைக்குள் கொண்டுவந்து விடுகிறோம். வாய் கிழியாமல், மிகுந்த கவனத்தோடு. கருத்து அவர்களைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று சுற்றியுள்ள கோரையையும் அறுத்துவிடுகிறோம்: அவர்களுடைய பிடிவாதம், தந்திரம், காரணமற்ற சிரிப்பு எல்லாவற்றையும். கடைசியில் கருத்து பசியாறுகிறது. வாழ்க்கை இப்படித்தான் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் கோரை இருந்தது.