வேற என்ன பண்ணுவா?

'புதிய பாதை'யை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அழுதேன். பிடித்த படம் எது என்று யாராவது கேட்டால் வெகுகாலம் அதைத்தான் சொல்லிவந்தேன். 1989இல் வந்தது, பார்த்திபன் இயக்கிய முதல் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. காசுக்கு எதையும் செய்யும் ரவுடி ஒருவன் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்கிறான். அவள் கல்யாணம் நின்றுபோகிறது. அவன் இருக்கும் இடத்துக்கே வந்து, அவனையே கட்டிக்கொண்டு, அவனைத் திருத்துகிறாள்.

அப்போது அவளைத் துணிச்சல்காரி என்று நினைத்தேன். துணிச்சல்காரிதான். ஊர் பேசுமே என்று மூலையில் முடங்காமல், குற்றம் செய்தவனின் கண்ணெதிரே வந்து நிற்கிறாள். அவ்வளவு துணிச்சலுக்கும் கதை ஒரே ஒரு கதவைத்தான் திறந்துவைத்திருக்கிறது என்பது இன்றைக்கு உறுத்துகிறது.

போன வருடம் சித்தியோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். "அவனப் போயி கட்டிக்கிட்டாளே சித்தி" என்றேன். "வேற என்னடி பண்ணுவா, பாவம்!" என்றார். படம் அன்பு என்றும் பொறுமை என்றும் சொல்வதை, போக்கிடமில்லாமை என்று சித்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

மன்னிப்பது அறமா? மன்னிக்க மறுக்கவும் வழியுள்ளவள் மன்னித்தால் அது அறம். மறுத்தால் வீடில்லை, மானமில்லை, கல்யாணமில்லை என்ற நிலையில் நிற்பவளின் மன்னிப்புக்கு அறம் என்று பெயர் சூட்டுவது, அவளை அங்கே நிறுத்திய அதிகாரத்தைக் காப்பாற்றுவதாகும்.

மனிதர்கள் திருந்தலாம் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் இப்படிப்பட்ட கதைகளில் 'அவன் திருந்துவானா?' என்ற கேள்வி கடைசிவரை நம்மைக் கட்டிப்போடுகிறது, 'அவளுக்கு வலிக்கிறதா?' என்ற கேள்வி பாதியிலேயே காணாமல் போகிறது. அவன் திருந்தட்டும். அதற்கு விலையாக அவள் தன் ஆயுளை ஏன் கொடுக்க வேண்டும்?

"சினிமாதானே" என்பார்கள். 2015 ஜூனில், கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், சிறுமியை வன்புணர்வு செய்ததாகத் தண்டிக்கப்பட்டவனுக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக! ஜூலை 1ஆம் தேதி, வேறொரு வழக்கில், வன்புணர்வு வழக்குகளில் சமரசத்துக்கோ திருமணப் பேச்சுக்கோ இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு உயர் நீதிமன்ற உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஏதோ படத்தைப் பார்த்துத்தான் அப்படியொரு உத்தரவு வந்தது என்று சொல்லமாட்டேன். தாலி ஏறிவிட்டால் குற்றம் குடும்ப விஷயமாகிவிடும் என்ற நம்பிக்கை இரண்டிலும் இருக்கிறது. திரையில் அதற்கு நாம் கைதட்டிப் பழகியிருக்கிறோம். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தக் கடலூர்ப் பெண் கையில் குழந்தையோடு இருந்தவள். சமரசத்துக்கு அவள் சம்மதிக்கவில்லை.

சித்தி கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் அவள்தான். வேற என்ன பண்ணுவா? மாட்டேன் என்பாள். அப்படிச் சொன்ன பிறகும் அவள் தலைநிமிர்ந்து வாழ ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நம் வீடுகளும் தரவேண்டும், நாம் எழுதும் கதைகளும் தரவேண்டும்.