சீலோவாம் கோபுரமும் மீதொட்டமுல்ல குப்பைமேடும்



2017ஆம் ஆண்டிலே பெரிய வெள்ளியும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் 14ஆந் திகதி ஒரே நாளில் வந்தன. அன்று பிற்பகல், மீதொட்டமுல்லவில் மலைபோற் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து அயல் வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வருகிறது. இறந்தவர்கள் யெருசலேமில் மற்றெல்லாரையும்விடப் பெரும் பாவிகளா என்று நமதாண்டவர் கேட்டு, இல்லையென்று தாமே பதிலுஞ் சொல்லுகிறார். அத்தோடு நிறுத்தவில்லை; கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்லுகிறார். கொள்ளைநோய் வரும்போதெல்லாம் 'தேவ தண்டனை' என்கிறவர்கள் முதற்பாதியை மறக்கிறார்கள். 'நமக்கென்ன' என்கிறவர்கள் பிற்பாதியை மறக்கிறார்கள்.

அந்தக் குப்பை யாருடையது? முன்னர் கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டலிற் கொட்டப்பட்டு, பின்பு மீதொட்டமுல்லவுக்குப் போன கொழும்புக் குப்பை. பம்பலப்பிட்டியின் மீன்செதிலும் வெள்ளவத்தைக் கலியாண வீட்டு எச்சில் இலையும் அதிலே இருந்தன. வாசலில் வைத்தோம், வண்டி வந்தது, மறந்தோம். மேடு சரிந்தபின் கொட்ட இடமின்றித் தெருவோரங்களிற் குப்பை தேங்கியது. மே மாத இறுதியில் பெருமழை. அவ்வாண்டு இலங்கையில் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டோர் 186,000க்கு மேல். இறந்தோர் 400க்கு மேல். குப்பை மட்டுமே காரணமல்ல; பரவிய வைரஸின் வகை மாறியிருந்ததும் ஒரு காரணம். ஆயினும் நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தவர்கள் நாமே.

டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை என்பதைப் பலர் இன்னும் நம்புகிறதில்லை. வெள்ளவத்தைக் கால்வாயைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோம். அதுவோ நமது வீட்டுத் தெளிந்த நீருக்கு வருகிறது: யோகட் கோப்பை, பழைய டயர், அடைபட்ட கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நீரை ஊற்றிவிட்டாற் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியபடி, காய்ந்தும் சாகாமல், மாதக்கணக்கிற் காத்திருக்கும். தேய்த்துக் கழுவவேண்டும். (இதெல்லாம் பிரசங்கமா என்று கேட்பவர்கள் உபாகமம் 23ஆம் அதிகாரத்தைப் பார்ப்பார்களாக. பாளையத்துக்கு வெளியே போகிறவன் மலத்தை மண்ணால் மூடக் கையில் ஒரு கருவி கொண்டுபோகவேண்டுமென்று அங்கே கட்டளை இருக்கிறது.)

நம் பாட்டன்மார் கண்ட மலேரியாவையும் எண்ணிப் பாருங்கள். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓட்டம் நின்று, மணலிடையே குட்டைகளாயின. வெயில் படும் அந்தத் தெளிந்த குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. விளைச்சலின்றி மெலிந்திருந்த குருநாகல், கேகாலைக் கிராமங்களில் நோய் தீப்போற் பரவி, 1935 முடியுமுன் ஏறக்குறைய 80,000 உயிரைக் குடித்தது. மழை பொய்த்தது யார் குற்றமுமன்று. ஏழையின் சட்டியில் சோறில்லாதிருந்தது அப்படியா? அந்த மலேரியா இலங்கையில் ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. பல்லாண்டுகள் ஊரூராய் நடந்த ஊழியர்களின் பொறுமையை யார் நினைக்கிறோம்?

1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியபோது ஊரார் நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினர். புனித யோசேவாஸ் அடிகளார் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குத் தங்குமிடம் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டினார். நம்மை யாரும் பெரியம்மைப் புண்ணைக் கழுவக் கேட்கவில்லை. பூச்சாடித் தட்டைக் கழுவத்தான் கேட்கிறார்கள்.

அடுத்தமுறை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தஞ் செய்யும்போது, கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளையிலே சற்று நில்லுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இருக்கிறதா? பீலியில் இலை அடைத்திருக்கிறதா? இந்த நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. உங்கள் வீட்டிற் பிறந்தது கீழ்மாடிப் பிள்ளையைத்தான், அதுவும் பட்டப்பகலில், கடிக்கும்.