இடம் மாறும், தூரம் மாறாது

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ராஜஸ்தானைச் சேர்ந்த மஞ்சு பாலா சங்கிலிக்குண்டை 60.47 மீட்டர் தூரம் எறிந்தார். மூன்றாம் இடம், வெண்கலம். சில நாட்களில், தங்கம் வென்ற சீன வீராங்கனை ஜாங் வென்ஷியு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதாக அறிவித்தார்கள். மஞ்சு வெள்ளிக்கு உயர்ந்தார். பின்னர் ஜாங்குக்கே தங்கம் திரும்பிப் போனது. மஞ்சு மறுபடி வெண்கலத்துக்கு இறங்கினார். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் அவர் எறிந்த தூரம் மட்டும் அசையவில்லை. அன்றும் 60.47, இன்றும் 60.47.

நாமக்கல்லில் வாழும் எனக்கு இது விளையாட்டுச் செய்தியாக மட்டும் படவில்லை. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க வெளிமாவட்டத்துப் பெற்றோர் பெட்டியோடு வந்து இறங்கும் ஊர் இது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-லேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளை மதிப்பெண்ணைச் சொல்லி முடிக்கும் முன்பே, "உன் கிளாஸ்ல யாரு ஃபர்ஸ்ட்டு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஓர் ஆண்டு உழைப்பு அந்த நொடியில் சிறுத்துப் போகிறது.

சங்கிலிக்குண்டு எறிதலைக் கவனித்துப் பாருங்கள். பெண்களுக்கான குண்டின் எடை 4 கிலோ. எறியும் வீராங்கனை இடக்கையில் உறை மாட்டி, கைப்பிடியைப் பற்றி, குண்டைத் தலைக்கு மேலாகச் சுழற்றித் தானும் மூன்று நான்கு சுற்று சுழல்கிறாள். குண்டு வெளியே இழுக்க, அவள் பின்னுக்குச் சாய்ந்து அந்த இழுப்பைத் தாங்குகிறாள். இத்தனையும் 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள். குண்டு தரையில் விழும்வரை அவள் வெளியே கால் வைக்கக் கூடாது. பிறகு மண்ணில் பதிந்த தடத்திலிருந்து அளக்கிறார்கள். பக்கத்தில் யார் எறிந்தார், எவ்வளவு எறிந்தார் என்பது அந்த அளவுக்குள் வருவதே இல்லை.

அதற்காக இடம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் போலந்தின் அனிதா வோடார்சிக் 77.60 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். முதலிடம் பிடித்த ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்து எடுத்தவர் என்று உறுதியாகி, அவரது தகுதி பறிக்கப்பட்டது 2016 அக்டோபரில்தான். நான்கு ஆண்டு தாமதமாக வந்த தங்கத்தால், மேடையில் நின்று தேசிய கீதம் கேட்கும் அந்த நாளைத் திருப்பித் தர முடியாது. அது அநியாயம்தான்.

ஆனால் நியாயம் வரட்டும் என்று அனிதா காத்திருக்கவில்லை. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2016 ஆகஸ்டில், ரியோவில் தங்கம் வென்றார். அதே மாதம் வார்சாவில் 82.98 மீட்டர் எறிந்து உலக சாதனையையும் புதுப்பித்தார். பெண்களுக்கான இந்தப் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்தது 2000-இல். அன்று தங்கம் வென்ற 17 வயது கமிலா ஸ்கோலிமோவ்ஸ்கா 2009-இல் இறந்துபோனார். தன் தோழியான அந்தக் கமிலாவின் கையுறையை அணிந்துதான் அனிதா களம் இறங்கினார். பிறர் என்றால் முந்த வேண்டியவர்கள் மட்டும்தானா? துணையாகக் கூட வருபவர்களும் அல்லவா?

நம் இடத்தைத் தீர்மானிப்பதில் அடுத்தவரின் திறமைக்குப் பங்குண்டு, அவரது வஞ்சகத்துக்கும் உண்டு, அதிகாரிகளின் தீர்ப்புக்கும் உண்டு. நாம் கடந்த தூரம் மட்டுமே முழுக்க நம்முடையது. அதனால் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, "போன தடவையைவிட எவ்வளவு கூட வந்திருக்கே?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, முதலிடம் கை நழுவிய நாளிலும் அடுத்த எறிதலுக்குத் தயாராக இருக்கும்.