காத்திருக்கும் உரிமை யாருக்கு?

ஓர் இளைஞனின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுமுன்னரே அதற்கு விலை குறிக்கவேண்டி நேருமாயின், அவ்விலையை எப்பொழுது குறிப்பது நியாயமாகும்? அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் இக்கேள்வியை எதிர்நோக்குகின்றன. அங்கே இது முகாமையாளரும் கணக்காளரும் தீர்க்கவேண்டிய வியாபார நுட்பமாகவே கருதப்படுகின்றது. நாம் இதனை ஓர் அறவியற் பிரச்சினையாக நோக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒப்பந்தமுறையைத் தெளிந்துகொள்ளல் அவசியம். புதிய வீரர்களைக் கழகங்கள் ஆண்டுக்கொருமுறை வரிசைப்படி தெரிவு செய்கின்றன. எக்கழகத்தில் ஆடுவதென்பதை வீரன் தீர்மானிப்பதில்லை. முதற்சுற்றில் தெரியப்பட்டவனின் ஊதியம், அவன் பெற்ற இடத்தையொட்டி முன்கூட்டியே வகுக்கப்பட்ட அட்டவணைக்குள் அடங்கும். முதலிரண்டு ஆண்டுகள் உறுதியானவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவனை வைத்திருப்பதோ விடுவதோ கழகத்தின் விருப்பம். மூன்றாமாண்டு முடிந்தபின், நான்காமாண்டுப் போட்டிகள் தொடங்குமுன், ஒப்பந்தத்தை நீடித்துக்கொள்ளலாம். நீடிக்காவிடின், நான்காமாண்டின் முடிவில் அவன் சந்தைக்கு வருவான். அப்பொழுதும், பிறிதொரு கழகம் கூறும் விலையைத் தானே கொடுத்து அவனை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய கழகத்துக்கு உண்டு.

இம்முறையின்கீழ் இரு தரப்பினரும் தம் விருப்பப்படியே கையொப்பமிடுகின்றனர் என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் இருவர், வாழ்க்கையிலும் சமமானவர்களா? கழகத்திடம் பல வீரர் உளர். ஒருவனது முழங்கால் பழுதுற்றால் மற்றொருவன் அவ்விடத்தை நிரப்புவான். ஒரு கணிப்புப் பிழைத்தால் இன்னொன்று அதனை ஈடுசெய்யும். வீரனிடம் இருப்பதோ ஓர் உடலும் விரைவிற் கழியும் இளமையுமே. ஓராண்டு காத்திருப்பது கழகத்துக்குத் தகவல் திரட்டும் காலம். அவனுக்கு அதே ஓராண்டு ஆபத்து நிறைந்த காலம். காத்திருக்கும் வல்லமையும் ஒருவகைச் சொத்தே. ஏனைய சொத்துக்களைப் போன்று அதுவும் சிலரிடம் குவிந்தும் பலரிடம் இல்லாமலும் கிடக்கின்றது.

ஸ்டெபன் கரியின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். 2009 இல் கோல்டன் ஸ்டேட் கழகத்தினால் தெரியப்பட்ட அவர், காயங்களினால் 2011-12 பருவத்தின் 66 ஆட்டங்களுள் 26 இல் மாத்திரமே ஆடினார். 2012 ஒக்டோபரில், நான்காண்டுகளுக்கு 44 மில்லியன் டொலர் என்ற அளவில் அவரது ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. அன்றைய நிலையில் அது கழகத்துக்கும் ஆபத்தான முடிவே. ஆனால் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் சங்கத்தின் தலைசிறந்த வீரராகத் தெரிவானார். 2015 இல் கழகம் வாகை சூடியது. 2016 இல் கெவின் டூரன்ட் என்னும் மற்றொரு பெருவீரரை அக்கழகம் சேர்த்துக்கொள்வதற்கு, ஊதிய வரம்பு அவ்வாண்டு உயர்ந்தமையோடு, கரியின் குறைந்த ஊதியமும் இடங்கொடுத்தது. 2017 இல் அவர் பெற்ற புதிய ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கு 201 மில்லியன் டொலர். இரு தொகைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை வாசகர் அளந்து பார்க்கலாம்.

கரி ஏமாற்றப்பட்டார் என்று நாம் கூறவரவில்லை. பழுதுற்ற கணுக்காலுடன் நின்ற இளைஞருக்கு 44 மில்லியன் டொலர் பெரும் பாதுகாப்பே. ஆனால் அப்பாதுகாப்பை அவர் எதைக் கொடுத்து வாங்கினார்? தம் வருங்காலத்தின் ஒரு பகுதியைக் கொடுத்தே வாங்கினார். அஞ்சுபவன் மலிவாக விற்கிறான். அஞ்சவேண்டாதவன் அதனை வாங்கிக்கொள்கிறான்.

எதிர்மாறான சம்பவமும் உண்டு. டெரிக் றோஸ் 2011 இல், தமது 22ஆம் வயதில், தலைசிறந்த வீரர் விருதைப் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் சிக்காகோ கழகம் ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 94 மில்லியன் டொலருக்கு அவரது ஒப்பந்தத்தை நீடித்தது. 2012 ஏப்பிரலில் அவரது முழங்காலின் தசைநார் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. கழகத்துக்கு இது நட்டமென்பர். நட்டமே. ஆனால் அந்நட்டத்தின் பின்னும் கழகம் இருந்தது, ஆட்டங்கள் நடந்தன. ஒப்பந்தத்துக்கு முன்னர் அவ்விபத்து நேர்ந்திருப்பின், முழுச் சுமையும் ஓர் இளைஞனின் தலையில் விழுந்திருக்கும். தாங்கக்கூடியவன் தாங்கினான் என்பதற்காக வருந்த நாம் காரணம் காணவில்லை.

உடைமையாளர் தமது தவறான கணிப்புக்களுக்குப் பரிகாரம் தேடிக்கொள்ளவும் அறிவர். 2011 ஆம் ஆண்டுப் பொது ஒப்பந்தத்தில் 'மன்னிப்பு' விதியொன்று சேர்க்கப்பட்டது. அதன்படி, ஊதியத்தைச் செலுத்தியபோதும், வேண்டாத ஓர் ஒப்பந்தத்தை ஊதிய வரம்புக் கணக்கிலிருந்து கழகம் நீக்கிக்கொள்ளலாம். 2009 இல் பெரும் ஒப்பந்தம் பெற்று, முழங்கால்கள் தேய்ந்த நிலையில் 2011 டிசம்பரில் ஓய்வை அறிவித்த பிராண்டன் றோயின் ஒப்பந்தத்தைப் போட்லண்ட் கழகம் இவ்வாறே நீக்கியது. அதிகம் கொடுத்துவிட்டோமென வருந்திய கழகத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. குறைவாகக் கையொப்பமிட்டோமென வருந்தும் வீரனுக்கு அத்தகைய மன்னிப்பு இல்லை.

மறுக்கும் துணிவுடையோரும் உளர். ஜேம்ஸ் ஹார்டன், ஒக்லஹோமா நகரக் கழகம் கூற முன்வந்த தொகையை 2012 ஒக்டோபரில் ஏற்கவில்லை. அவ்வாண்டு இறுதிப்போட்டி வரை அக்கழகத்துடன் சென்றவர், காலக்கெடு முடியுமுன்னரே ஹூஸ்டன் கழகத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு உரிய விலை கிடைத்தது. 2018 இல் தலைசிறந்த வீரருமானார். ஆயினும் எங்கே செல்வதென்பதை அவர் தீர்மானிக்கவில்லை. விசுவாசம், குடும்பம், தியாகம் என்னும் சொற்கள் இத்தகைய பேரங்களில் இளைஞனை நோக்கியே வீசப்படுகின்றன. அவனைப் பிறிதொரு நகருக்கு அனுப்பும் நாளில் அச்சொற்களை எவரும் உச்சரிப்பதில்லை.

'கோடிக்கணக்கிற் பணம் பெறுவோருக்காக நாம் ஏன் கண்ணீர் வடிக்கவேண்டும்?' என்று நண்பர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஓர் உறவை ஆராய்கின்றோம். ஊதியங்கள் பகிரங்கமாக அறியப்படும் இத்துறையில், பிற தொழில்களில் மூடி மறைக்கப்படும் உண்மை வெளிப்படையாகத் தெரிகின்றது. இளைஞனைப் பயிலுநனாக எடுத்து, அவனது திறமையை அறிந்தபின்னும் நிரந்தரமாக்காது நிறுத்திவைக்கும் எத்தொழிலிலும் இதே தராசுதான் தொங்குகின்றது. தொகை பெரிதாவதால் தராசின் கோணல் நேராகிவிடாது.

இன்றுள்ள உரிமைகளும் எவரும் இரங்கி அளித்தவையல்ல. 1964 ஜனவரியில் பொஸ்டன் நகரில், ஓய்வூதியத்துக்கு வாக்குறுதி கிடைக்கும் வரை வீரர்கள் ஆட்டக்களத்துக்கு வர மறுத்தனர். ஒஸ்கார் றொபேட்சன் முதலானோர் 1970 இல் தொடுத்த வழக்கு 1976 இல் இணக்கத்துக்கு வந்தபோதே, வீரனை ஒரே கழகத்துடன் முடிவின்றிப் பிணைத்த விதி ஒழிந்தது.

ஆயின் இவ்வரலாற்றில் நாம் மறைக்கக்கூடாத ஒரு குறையும் உண்டு. 1994 இல் கிளென் றொபின்சன் என்னும் புதிய வீரர் பத்தாண்டுகளுக்கு 68 மில்லியன் டொலர் பெற்றதையடுத்து, 1995 இல் புதியவர்களின் ஊதிய அட்டவணை உருவாயிற்று. அதற்குத் தொழிற்சங்கமும் இணங்கியது. அவ்வட்டவணையால் நட்டமடையவிருந்தோர் அன்று பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தனர். அவர்களுக்குச் சங்கத்தில் வாக்கில்லை. பிந்தி வருவோனின் உரிமையை விற்று முந்தி வந்தோர் பாதுகாப்புத் தேடுவது ஒருமைப்பாடாகாது. உழைப்போர் அமைப்புக்கள் யாவும் இதிலிருந்து பாடம் கற்றல் வேண்டும்.

எனவே, எப்பொழுது நீடிப்பது என்ற கேள்விக்கு நமது விடை இதுவே. இளைஞனின் தகுதியைப் பற்றிக் கழகம் உள்ளத்தில் முடிவுக்கு வந்துவிட்டதாயின், அம்முடிவை அன்றே வெளியிடுதல் அதன் கடமை. அவனது அச்சம் விலையைக் குறைக்குமெனக் காத்திருப்பது அறமன்று. உண்மையாகவே ஐயமிருப்பின், காத்திருத்தல் குற்றமாகாது. ஆனால் அக்காலத்தில் நேரும் காயத்தின் சுமையைக் காத்திருக்க விரும்பியவனே ஏற்கவேண்டும். காத்திருப்பின் பயனைக் கழகமும் ஆபத்தை வீரனும் பெறுவது பங்கீடாகாது.

இது உடைமையாளரின் நல்லெண்ணத்தினால் வந்துவிடுமென நாம் நம்பவில்லை. பொஸ்டனில் ஓய்வூதியத்தை வென்றோர் தனித்தனியாகப் பேரம் பேசியவர்களல்லர். ஓரணியாய் நின்று ஆட மறுத்தவர்கள். நாளை வரவிருக்கும் இளைஞனையும் தம்முள் ஒருவனாக எண்ணி அவ்வணி நிற்கும் நாளிலேதான் தராசு நேராகும்.