பற்று யார் கணக்கில்?

சில வருடங்களுக்கு முன், அமெரிக்காவில் ஏதோ ஒரு தெரு. காலை பத்து மணிக்கு ஒரு ஃபெடெக்ஸ் வேன் வருகிறது. ஒரு வீட்டு வாசலில் கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மதியம் இன்னொரு ஃபெடெக்ஸ் வேன். அதே வீடு. இந்த முறை ஒரு அட்டைப்பெட்டி.

இரண்டு வேனிலும் ஒரே பெயர்தான். உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். முதல் வேனில் பெயரின் பின்பாதி ஆரஞ்சு நிறம். இரண்டாவதில் பச்சை. அப்போதெல்லாம் ஆரஞ்சு என்றால் 'எக்ஸ்பிரஸ்', விமானத்தில் வரும் அவசர சமாச்சாரம். பச்சை என்றால் 'கிரவுண்ட்', சாலை வழியே நிதானமாக வரும் பார்சல். சிவப்பும் இருந்தது. அது 'ஃப்ரெய்ட்', லாரியில் போகும் கனத்த சரக்கு.

இரண்டு வேன், இரண்டு டிரைவர், இரண்டு குடோன், இரண்டு டீசல் செலவு. காமர்ஸ் படித்த யாரைக் கேட்டாலும், "இது என்னங்க அநியாய வேஸ்ட்!" என்பார்கள். நானும் காமர்ஸ்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கம்பெனிக்கும் கடைசியில் அப்படித்தான் தோன்றியது. 2023ல் இணைப்பை அறிவித்தது. 2024 ஜூன் 1 அன்று எக்ஸ்பிரஸும் கிரவுண்டும் சட்டப்படி ஒரே கம்பெனி ஆயின. ஊர் ஊராக இரண்டு குடோன்களை ஒன்றாக்கி, இரண்டு ரூட்களை ஒன்றாக்கும் வேலை தொடங்கியது. 2027 நிதியாண்டுக்குள் இதில் 200 கோடி டாலர் மிச்சம் பிடிப்பது இலக்கு.

நல்ல விஷயம்தானே? அவசரப்பட வேண்டாம்.

பிளஸ் ஒன் கணக்குப் பதிவியல் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும். ஆகாயத்திலிருந்து எந்தத் தொகையும் குதிப்பதில்லை. அப்படியானால் இந்த 200 கோடி டாலர் மிச்சத்துக்கு எதிர்ப் பக்கத்தில் யார் பெயரை எழுதுவது? அதில் ஒரு பகுதி எரியாத டீசல். சரி. ஒரு பகுதி காலியான குடோனின் வாடகை. அதுவும் சரி. மீதி?

மீதியைக் கண்டுபிடிக்க, ஒரே பெயரில் இரண்டு வேன் ஏன் ஓடியது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஃபெடெக்ஸைத் தொடங்கியவர் ஃப்ரெடரிக் ஸ்மித், 2025ல் மறைந்தார். 1971ல் கம்பெனியைப் பதிவு செய்து, 1973 ஏப்ரலில் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து 14 சிறிய விமானங்களுடன் ஆரம்பித்தார். முதல் ராத்திரி கிடைத்தது 186 பார்சல். அங்கே வேலை செய்தவர்கள் கம்பெனியின் நேரடி ஊழியர்கள்.

பச்சை வேன் அவர் பெற்ற பிள்ளை அல்ல, தத்துப்பிள்ளை. 'ரோட்வே' என்ற பழைய லாரி நிறுவனம் 1985ல் ஆரம்பித்த பார்சல் சர்வீஸ் அது. ரோட்வேயின் லாரி டிரைவர்களுக்கு பலமான யூனியன் இருந்தது. புதிய பார்சல் சர்வீஸிலோ டிரைவர்கள் ஊழியர்களே அல்ல, 'சுயதொழில் செய்பவர்கள்' என்றார்கள். சொந்த வேன், சொந்தச் செலவு. 1998ல் அந்தக் குடும்பத்தை ஃபெடெக்ஸ் வாங்கியபோது, இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே வாங்கியது.

வாங்கியவர்கள் இரண்டையும் கலக்கவில்லை. தனித்தனியாக இயங்கு, ஒன்றாகப் போட்டியிடு என்பது கம்பெனியின் கொள்கை. சட்டமும் இதற்குத் தோதாக இருந்தது. எக்ஸ்பிரஸ், விமான நிறுவனம் என்ற கணக்கில், ரயில்வேக்காக 1926ல் போட்ட தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்தது. அதன்படி டிரைவர்கள் யூனியன் வைக்க வேண்டுமென்றால் நாடு முழுக்க ஒரே சமயத்தில் வைக்க வேண்டும். ஒரு ஊரில் மட்டும் முடியாது. கிரவுண்டிலோ 'நீ ஊழியனே இல்லை' என்றாகிவிட்டது. பரம வைரியான யு.பி.எஸ். ஒரே நெட்வொர்க்கில் எல்லா பார்சலையும் ஓட்டியது. அதன் டிரைவர்கள் டீம்ஸ்டர்ஸ் யூனியனில் இருந்தார்கள்.

கிரவுண்ட் டிரைவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கலிஃபோர்னியா டிரைவர்கள் ஊழியர்களே என்றது. அடுத்த வருடம் 22.8 கோடி டாலருக்கு சமரசம் ஆயிற்று. ஆனால் அதற்குள் ஏற்பாடே மாறத் தொடங்கியிருந்தது. நடுவில் காண்ட்ராக்டர் வந்தார். பல ரூட்கள், பல வேன்கள் அவருடையவை. டிரைவர்கள் அவருக்கு ஊழியர்கள். சட்டை மட்டும் ஃபெடெக்ஸ்.

ஆக, அந்த இரண்டு வேன்கள் வெறும் கவனக்குறைவால் ஓடவில்லை. பிரிவினை கம்பெனிக்கு லாபமாக இருந்தவரை, அது வேஸ்ட் என்று யாருக்கும் தோன்றவில்லை. லாபம் திசை மாறியதும் வேஸ்ட் ஆகிவிட்டது.

இப்போது இணைப்பு நடக்கும் ஓர் ஊரில் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"இருபது வருஷமா கம்பெனி ஆளு நான். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கு. என் ரூட்டையும் சேர்த்துக் காண்ட்ராக்டர்கிட்ட கொடுத்துட்டா, நான் எங்கே போறது?" என்கிறார் எக்ஸ்பிரஸ் டிரைவர்.

"நானும் அதே பேரு போட்ட சட்டையைத்தான் போட்டேன். என் சம்பளமும் இன்ஷூரன்ஸும் காண்ட்ராக்டர் பார்த்துக் கொடுக்கிறது. இத்தனை வருஷத்தில ஒரு நாளாவது அது நியாயமான்னு நீங்க கேட்டீங்களா?" என்கிறார் கிரவுண்ட் டிரைவர்.

"ரெண்டு பேரும் என்னைத் திட்டுங்க. நான் கடன் வாங்கி ரூட் வாங்கினவன், வேன் வாங்கினவன். 'இந்த ஊர் இனி எக்ஸ்பிரஸுக்கு'ன்னு சொல்லிட்டா அந்தக் கடனை யார் கட்டுவா?" என்கிறார் காண்ட்ராக்டர்.

மூன்று பேர் பயமும் நிஜம். சில ஊர்களில் காண்ட்ராக்டரிடம் எல்லாம் போயிற்று. சில ஊர்களில் எக்ஸ்பிரஸ் ஊழியர்களிடம். கனடாவில் கிரவுண்ட் வேலையே எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பியது. யாருக்கு எது என்பது அவர்கள் உழைப்பைப் பார்த்து முடிவாவதில்லை, ஊரைப் பார்த்து முடிவாகிறது.

எனக்கு அந்த இரண்டாமவர் கேட்ட கேள்விதான் உறுத்துகிறது. வேறு வேறு குடோனில் இருந்தவரை, ஒரே வேலைக்கு இரண்டு விதமான வாழ்க்கை என்பது யார் கண்ணிலும் படவில்லை. ஒரே கூரைக்குள் வந்ததும் தெரிகிறது. அநியாயத்தை இணைப்பு உண்டாக்கவில்லை. மூடியிருந்த துணியை விலக்கியது, அவ்வளவுதான்.

அப்படியானால் இணைப்பே வேண்டாமா? அதுவும் சரியில்லை. 'யெல்லோ' என்ற லாரி நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். அதே ரோட்வேயின் லாரிப் பிரிவை 2003ல் வாங்கிய கம்பெனி அது. அடுத்தடுத்து வாங்கியவற்றைத் தனித்தனியாகவே ஓட்டியது. கடன் கழுத்தை நெரித்தபோது எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க் ஆக்கப் பார்த்தது. 2022ல் மேற்குப் பகுதியில் முதல் கட்டம் முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு யூனியன் ஒப்பவில்லை. 2023 ஜூலை இறுதியில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று.

'யூனியன்தான் கெடுத்தது' என்றது நிர்வாகம். 'வருஷக்கணக்காக சம்பளத்தை விட்டுக்கொடுத்தோம், அதையும் வீணாக்கினீர்கள்' என்றது யூனியன். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. முன்பு கேட்டதைத் திருப்பித் தராத கை மறுபடி நீண்டால், எதிரில் இருப்பவர் நம்பமாட்டார். நம்பிக்கைக்கு பேலன்ஸ் ஷீட்டில் இடமில்லை. ஆனால் கம்பெனி திவாலாவதற்கு அது தீர்ந்துபோனாலும் போதும்.

ஃபெடெக்ஸ் பிறந்த அதே 1971ல் ஜான் ரால்ஸ் என்ற ஹார்வர்டு பேராசிரியர் நீதியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெரிய புத்தகம். அதில் ஒரு எளிய சோதனை உண்டு. சமூகத்துக்கான விதிகளை வகுக்கும்போது, அதில் உங்கள் இடம் எது என்று உங்களுக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள் என்றார்.

அதை இங்கே போட்டுப் பாருங்களேன். நாளை காலை கண் விழிக்கும்போது நீங்கள் எக்ஸ்பிரஸ் டிரைவராக இருக்கலாம். கிரவுண்ட் டிரைவராக, கடன்பட்ட காண்ட்ராக்டராக, பங்குதாரராக, பார்சலுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளராகவும் இருக்கலாம். இணைப்புக்கு என்ன விதி போடுவீர்கள்?

"இணைக்கவே கூடாது" என்று போடமாட்டீர்கள். பங்குதாரராகவோ வாடிக்கையாளராகவோ விழித்தால் அது இடிக்கும். "மிச்சம் முழுக்க பங்குதாரருக்கு" என்றும் போடமாட்டீர்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சர்வீஸ் வருஷங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும், ரூட்டுக்குக் கொடுத்த பணத்தை மதிக்க வேண்டும், ஒரே வேலைக்கு ஒரே மாதிரி நடத்த வேண்டும், மிச்சத்தில் ஒரு பங்கை இழந்தவருக்குத் தர வேண்டும். ஏறக்குறைய இப்படித்தான் எழுதுவீர்கள். இது தர்மம் போடுவது அல்ல. பிரிந்திருந்தபோது லாபம் சம்பாதித்தவர், சேரும்போது கட்ட வேண்டிய பாக்கி.

ஸ்மித்தின் கம்பெனிக்கு ஒரு பழைய தாரக மந்திரம் உண்டு: மனிதர்கள், சேவை, லாபம். இந்த வரிசையில்தான். ஆட்களை நன்றாகக் கவனித்தால் அவர்கள் நல்ல சேவை தருவார்கள், லாபம் தானே வரும் என்பது பொருள். அதே கம்பெனிதான் 2024 டிசம்பரில், சிவப்பு லாரிகளைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்போவதாகவும் அறிவித்தது. இங்கே சேர்ப்பது, அங்கே பிரிப்பது. இரண்டிலும் தவறில்லை. வரிசை மாறாமல் இருந்தால் சரி.

நமக்கு இதில் என்ன? நாமும் அந்த ஐந்து பேரில் ஒருவர்தானே. வாசலில் காத்திருப்பவர். 'ஃப்ரீ டெலிவரி' என்று படித்ததும் சந்தோஷப்படுகிறோம். வண்டி ஓட்டியவருக்கு அது ஃப்ரீ இல்லை. அடுத்த முறை காலிங்பெல் அடிக்கும்போது, பார்சலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

நமக்கு மிச்சமான காசு, அவர் கணக்கில்தான் பற்று எழுதப்பட்டிருக்கிறதா?