ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையே

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டங்களைப் பொறுமையுடன் படிப்பவருக்குக் குழந்தைகளின் பிராயத்தைப் பற்றி அவை கூறுவது முதலில் வியப்பையும், பின்னர் நீண்ட சிந்தனையையும் தரும். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் ஆட்சியில் வெளியான கட்டளை, நன்மை தீமைகளைப் பகுத்தறியத் தொடங்கும் வயது ஏறக்குறைய ஏழு என்று வரையறுத்து, அவ்வயதை எய்திய குழந்தை பாவசங்கீர்த்தனம் செய்யவும் திவ்ய நற்கருணை பெறவும் கடமைப்பட்டது என்று அறிவித்தது. அதற்குமுன் பத்து, பன்னிரண்டு வயது வரையிலும், சில தேசங்களில் அதற்கு மேலும், புதுநன்மை எனப்படும் முதல் நற்கருணைக்குக் காத்திருந்த சிறுவர்களுக்கு ஆலயத்தின் வாயில் அன்று அகலத் திறந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1966 பிப்ரவரியில், ஆறாம் சின்னப்பர் இதற்கு நேர்மாறான திசையில் ஒரு மாற்றம் செய்தார். மாமிசம் விலக்கும் சுத்தபோசனக் கடமை அதுவரை ஏழு வயது நிறைந்ததுமே தொடங்கியிருக்க, அதை அவர் பதினான்காக உயர்த்தினார். 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு இந்தப் பதினான்கை நிலைநிறுத்தியதோடு, ஒருசந்தி இருக்கும் கடமையைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கே உரியதாக்கியது.

ஆக, மனத்தால் வருந்தும் வயது முன்னே நிற்கிறது. உடலால் நோற்கும் வயது பின்னே வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகள், பெரும்பகுதி, ஆரம்பப் பாடசாலையின் ஆண்டுகள். தவக்காலம் என்று திருச்சபை போற்றும் நாற்பது நாட்களில் அப்பாடசாலையில் உண்மையில் நிகழ்வது என்ன என்னும் வினா, பெங்களூரில் நெடுங்காலமாக வாழ்ந்து இப்பள்ளிகளின் வாயிலை அடிக்கடி கடந்து செல்லும் எனக்குப் பல ஆண்டுகளாக உள்ளத்தில் இருந்து வருவது.

வினாவின் கடினமான பகுதியை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. தவம் என்பது சுயேச்சையாக மேற்கொள்ளப்படும்போதுதான் தவமாகும். பிறர் வலிந்து பட்டினி போட்டால் அது தண்டனை, உணவே கிடைக்காமற்போனால் அது வறுமை. குழந்தையோ தன் நாளில் ஒரு நாழிகையைக்கூடத் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்ளும் உரிமை இல்லாதது. எப்போது எழுவது, என்ன உண்பது, யாருக்கு அருகில் அமர்வது என்பனவெல்லாம் பிறர் தீர்மானிப்பவை. அதனிடமுள்ள காசும் தாய் தந்தையர் கொடுத்த காசு. எதுவுமே சொந்தமில்லாத ஒருவரை நோக்கி, உனக்குச் சொந்தமானதைத் துறந்துவிடு என்று சொல்வதில் பொருள் உண்டா? ஏகாதசி உபவாசத்துக்கு எட்டு வயது முதல் எண்பது வயது வரை என்று எல்லை வகுத்த ஸ்மிருதி மரபும், பருவமடைந்தவர் மீதே நோன்பைக் கடமையாக்கிய இஸ்லாமிய மரபும் தத்தம் முறையில் இதே வினாவை எதிர்கொண்டவைதாம். திருச்சபைச் சட்டம் தன் விடையை ஒரு வாக்கியத்தில் வைத்திருக்கிறது: வயதின் காரணமாகக் கடமைக்கு உட்படாத சிறுவர்களும் தவத்தின் உண்மையான உணர்வில் வளர்க்கப்படுமாறு ஆன்ம மேய்ப்பர்களும் பெற்றோர்களும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஆசிரியர்களை அவ்வாக்கியம் குறிப்பிடவில்லை. ஆயினும் காலையில் எட்டரை மணிக்குக் குழந்தையைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு வேலைக்கு விரையும் பெற்றோரும், ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்ட பங்கைத் தனியே தாங்கும் குருவும் அப்பொறுப்பில் பெரும்பங்கை ஒப்படைத்திருப்பது ஆசிரியைகளின் கையில்தான்.

பெங்களூரில் இந்தப் பொறுப்புக்குப் பழைய வேர்கள் உண்டு. பிளாக்பள்ளி என்று முன்னாளில் வழங்கிய இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியில், செஞ்சி நாட்டிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூரைக் கோயில் ஒன்றை எழுப்பிக் காணிக்கை மாதா என்று தேவதாயை வணங்கினார்கள். அந்தப் பக்தியின் வழிவந்ததே 1882-இல் அபிஷேகம் செய்யப்பட்டு இன்று ஓங்கி நிற்கும் புனித மரியன்னை பேராலயம். பிரெஞ்சு மிஷனைச் சேர்ந்த குருக்கள் ஆலயங்களோடு பள்ளிகளையும் நிறுவினார்கள். 1854-இல் நல்லாயன் சபைக் கன்னியர் இந்நகருக்கு வந்து பெண்களுக்கான கல்வியைத் தொடங்கினார்கள். 1858-இல் புனித சூசையப்பர் பெயரால் ஆண்களுக்கான பள்ளி எழுந்தது. பெயர்பெற்ற இவ்விரண்டைக் காட்டிலும் என் சிந்தையை ஈர்ப்பவை, பின்னர் பங்கு ஆலயங்களின் நிழலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, கூலிக்காரர், தையற்காரர், சமையற்காரர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் சிறு பாடசாலைகள். அங்கே ஒரே வகுப்பில் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் இருப்பார்கள். அவற்றுள் பலவற்றில் கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளே மிகுதி. பாட்டியிடம் தமிழில் ஜெபம் கற்ற சிறுமி பள்ளியில் அதே ஜெபத்தை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ சொல்வாள். அவளுக்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை. வழிபாட்டு மொழி குறித்து இந்த மேற்றிராசனத்தில் பெரியவர்கள் பல பத்தாண்டுகள் வழக்காடியதை நினைத்தால், அச்சிறுமியின் அமைதி எனக்கு மிகுந்த மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று இந்தப் பன்மை கண்ணுக்குப் புலனாகிறது. முந்தைய ஆண்டுக் குருத்தோலை ஞாயிற்றில் மந்திரிக்கப்பட்டு, வீட்டுச் சுவரில் படங்களுக்குப் பின்னே செருகப்பட்டிருந்து உலர்ந்த ஓலைகளை எரித்த சாம்பலே அன்று நெற்றியில் இடப்படுகிறது. கத்தோலிக்கக் குழந்தைக்கு அது ஆண்டுக்கொருமுறை நேரும் அனுபவம். அதன் அருகில் அமரும் சைவக் குடும்பத்துக் குழந்தைக்கோ நெற்றியில் நீறு அன்றாட அனுஷ்டானம். 2025-ஆம் ஆண்டில் பிப்ரவரி 26-ஆம் தேதி சிவராத்திரியும், மார்ச் 2-ஆம் தேதி ரமலானின் முதல் நோன்பும், மார்ச் 5-ஆம் தேதி திருநீற்றுப் புதனும் ஒரே வார காலத்துக்குள் அமைந்தன. இரவெல்லாம் கண்விழித்த தகப்பனாரைப் பற்றி ஒரு பிள்ளையும், விடியுமுன் எழுந்து அரைநாள் நோன்புக்குப் பிடிவாதம் செய்ததைப் பற்றி இன்னொரு பிள்ளையும் பேச, சாக்லேட்டை விட்டுவிட்டதாகச் சொல்லும் மூன்றாவது பிள்ளை அவர்களோடு சேர்ந்து அமரும் வாய்ப்பு இந்நகரத்துப் பாடசாலைகளுக்கு அன்று கிட்டியது.

இங்கே பள்ளிக்கு ஒரு கடப்பாடு உண்டு; அது சட்டத்தாலும் வந்தது, விசுவாசத்தாலும் வந்தது. அரசியல் சாசனத்தின் 28-ஆவது ஷரத்து, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி ஸ்தாபனத்தில் எவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும், சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குச் செல்லும் நேரத்தில் ஏனையோர் நல்லொழுக்கப் பாடத்துக்குச் செல்வது வழக்கமாயிற்று. இந்தப் பிரிவினை அவசியமே. ஆயினும் தவக்காலத்தின் சாரம் முழுவதும் பிரித்தேயாக வேண்டியதன்று. வழிபாட்டில் சேராத குழந்தையும் பசித்தவருக்கு உதவுவதில் சேரலாம், சண்டையிட்ட தோழனோடு சமாதானமாகலாம். அவற்றுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை. தன் விசுவாசத்தில் உறுதியுள்ள பள்ளி, பிறர் பிள்ளையை அழைக்கவும் அஞ்சாது, அவன் வர மறுத்தால் வருந்தவும் செய்யாது.

உதவி என்று சொல்லும்போது உண்டியலைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. தவக்காலத்தில் பசிக்கும் பிணிக்கும் எதிராகக் காரிதாஸ் இந்தியா ஆண்டுதோறும் நடத்தும் இயக்கத்துக்குப் பங்குகளும் பள்ளிகளும் நிதி திரட்டுகின்றன. நோக்கம் சிறந்தது, அந்நிதியால் பயன்பெறுபவரின் தேவை மெய்யானது. எனினும் சில பள்ளிகளில் எந்த வகுப்பு எவ்வளவு சேர்த்தது என்று கரும்பலகையில் எழுதி, முதலிடம் பெற்ற வகுப்புக்குக் காலைக் கூட்டத்தில் கைதட்டச் செய்வதைக் காணும்போது என் மனம் மிக வருந்துகிறது. திருநீற்றுப் புதனன்று எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்படும் மத்தேயு சுவிசேஷப் பகுதி, தர்மம் செய்வதையும் ஜெபிப்பதையும் நோன்பிருப்பதையும் மனிதர் காணச் செய்யாதீர்கள், அந்தரங்கத்தில் செய்யுங்கள் என்று எச்சரிப்பது. புதன்கிழமை வாசித்ததற்கு மாறாக வியாழக்கிழமை கரும்பலகை போதிக்கலாமா? ஐம்பது ரூபாய் கொண்டுவந்த பிள்ளையின் பெயர் உரக்கச் சொல்லப்படும்போது, ஒன்றும் கொண்டுவர இயலாத பிள்ளை தன் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்ளும். அந்தக் குனிவுக்கு ஈடாக எந்த நிதியும் ஆகாது.

இதற்கு மாற்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் அதைப் பிடி அரிசித் திட்டமாகவே வளர்த்தார், கிறிஸ்தவ ஆலயங்களிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. பிடியை எடுக்கும் கை குழந்தையின் கையாக இருக்கட்டும். அது சிறிய பிடி. பள்ளியில் பொதுவான பாத்திரத்தில் கொட்டியபின் எது யாருடைய அரிசி என்று பிரித்தறிய ஒருவராலும் முடியாது. இயலாத வீட்டுப் பிள்ளையை எவரும் கேட்கவும் வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு என்பதை மறப்பது எளிது. அரசு நிதியுதவி பெறும் பள்ளிகளில் அட்சர தாசோக என்னும் கர்நாடக அரசின் மதிய உணவு, பல குழந்தைகளுக்கு அந்நாளின் முழுமையான ஒரே சாப்பாடு. அவர்களிடம் உபவாசத்தின் மகிமையைப் பேசும் ஆசிரியை மிகுந்த விவேகத்தோடு பேச வேண்டும். திருநீற்றுப் புதனுக்கு இரண்டாம் நாளான வெள்ளிக்கிழமை வாசகமாக அமைந்திருப்பது எசாயா தீர்க்கதரிசியின் 58-ஆம் அதிகாரம். சாக்குடுத்திச் சாம்பலில் அமர்ந்து நோன்பு காட்டுவதை ஆண்டவர் விரும்பவில்லை, பசித்தவனோடு உணவைப் பங்கிடுவதே தாம் விரும்பும் நோன்பு என்கிறார் என்பது அதன் பொருள். பசியை வீட்டிலேயே அறிந்திருக்கும் குழந்தை அந்தப் பாடத்தை நமக்குக் கற்பிக்கத் தகுந்தது. நாம் அதற்குக் கற்பிப்பதற்கு அதில் அதிகமில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நடைபெறும் சிலுவைப்பாதைதான் இப்பள்ளிகளில் தவக்காலத்தின் உள்ளீடு என்று நான் கருதுகிறேன். பதினான்கு ஸ்தலங்கள், சில பள்ளிகளில் மரத்தடியில் ஒன்று, படிக்கட்டில் ஒன்று, குடிநீர்க் குழாயருகே ஒன்றென்று அட்டையில் வரைந்த படங்களை நிறுத்தி, குழந்தைகள் வரிசையாக நடந்து முழந்தாளிடுவார்கள். மார்ச் மாத வெயிலும் ஆண்டுத் தேர்வின் அச்சமும் அவர்களைச் சோர்வுறச் செய்திருக்கும். மீட்பின் இரகசியத்தை ஏழு வயதில் யார் அறிவார்? ஒருவர் மூன்று முறை விழுகிறார், எழுகிறார் என்பதை அறிவார்கள். யாரேனும் உதவ மாட்டார்களா என்று தவிப்பார்கள். ஐந்தாம் ஸ்தலத்தில் சீரேனே ஊர்ச் சீமோன் சிலுவையைத் தாங்குகிறான். ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்காள் திருமுகத்தைத் துடைக்கிறாள்.

இவ்விரு ஸ்தலங்களும் அடுத்தடுத்து நிற்பதில், நான் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு ஒரு விடை இருப்பதாகத் தோன்றுகிறது. வெரோணிக்காள் தானாக வந்தாள். அவளைச் சுவிசேஷங்கள் குறிப்பிடவில்லை, பக்தி மரபு மட்டுமே போற்றி வந்திருக்கிறது. சீமோனையோ சுவிசேஷங்கள் மூன்று குறிப்பிடுகின்றன. மத்தேயுவும் மாற்கும் அவன் வலுக்கட்டாயப்படுத்தப்பட்டவன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைச் சேவகர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அவனுக்குச் சுயேச்சை இல்லை. நம் பாடசாலைக் குழந்தையைப்போல அவனும் வரிசையில் நிறுத்தப்பட்டவன். ஆயினும் மாற்கு மட்டும் ஒரு சொற்றொடரைச் சேர்க்கிறார்: அலெக்சாந்தர், ரூபு என்பவர்களின் தந்தை அவன் என்று. படிப்பவர் அறிந்த பெயர்களாக இருந்தாலன்றி ஆசிரியர் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார். அப்போஸ்தலரான சின்னப்பர் ரோமையருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் வாழ்த்தும் ரூபு அவனுடைய மகனே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. கட்டாயத்தால் தோளில் ஏறிய ஒரு சுமை, பின்னர் அக்குடும்பத்தின் சொந்த விசுவாசமாகியிருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

ஆகவே குழந்தையை வரிசையில் நிறுத்துவதனாலேயே அதன் தவம் பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் சீமோனின் பங்கை மட்டும் நாற்பது நாளும் கொடுத்து, வெரோணிக்காளின் பங்குக்கு இடமே வைக்காத பள்ளி பாதிப் பாடத்தையே நடத்துகிறது. கேட்கப்படாததை, எண்ணப்படாததை, தானே கண்டு தானே செய்யும் சிறு செயல் ஒன்றுக்கு இடம் வேண்டும். முதன்முறை பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், வாரத்தில் ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் யாருக்கேனும் ஒரு நன்மை செய் என்று ஆசிரியை கேட்டுக்கொள்ளலாம். கேட்டுக்கொண்டபின், திங்கட்கிழமை காலையில் என்ன செய்தாய் என்று அவர் விசாரிக்கவே கூடாது.